பிள்ளைச்சாவடிச் செவலை நாய்

கருவடிக்குப்பம்
14 ஜூன் 2024

அண்ணனுக்கு,

கவிநிலா எழுதுவது. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டுக் கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்காதே. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இதை நீ முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலை உன் சிநேகிதன் வினோத்குமார் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்தவர் என் புல்லட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டேங்கைத் தட்டினார், கேட்காமல் ஏறி உட்கார்ந்தார். நான் கழுத்தில் தொங்கும் கைக்கட்டோடு வாசலுக்கு வந்து, இறங்குங்கள் என்றேன். வினோத் சிரித்தான். "மதி விக்கச் சொல்லிட்டான் கவி. வண்டி அவன் பேர்லதான இருக்கு?" என்றான்.

ஆர்.சி.யில் உன் பெயர் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ பிரான்சுக்குப் போன இந்த எட்டு வருஷமும் அதை ஓட்டுவது நான். வீட்டிலிருந்து காலாப்பட்டு, காலாப்பட்டிலிருந்து வீடு, ஞாயிறு தவிர தினமும். கல்லூரி ஆய்வகத்தின் சாவி என் கையில் இருக்கிறது. எட்டரைக்கு நான் போய்த் திறந்தால்தான் மாணவர்கள் உள்ளே வர முடியும். ஒரு நாளும் அந்த வண்டி என்னைத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை.

மே ஒன்பதாம் தேதி பிள்ளைச்சாவடியில் விழுந்தேன். நாய் குறுக்கே வந்தது. இடது காறை எலும்பு முறிந்தது, காதுக்கு மேலே பதினோரு தையல். நடந்தது இவ்வளவுதான். இதற்கு அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை, ஜெயம் அத்தை வந்து தையல் போட்ட தலையை எவன் கட்டிக்கொள்வான் என்று கேட்டுவிட்டுப் போனார், நீ அங்கிருந்து வண்டியை விற்கச் சொல்கிறாய்.

நீ விழாத ரோடு இந்த ஊரில் எது என்று சொல் பார்ப்போம். முதல் மழையில் பீச் ரோட்டில் வழுக்கினாய். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் மாட்டின் மேல் கொண்டுபோய் விட்டாய். 2011-ல் இதே பிள்ளைச்சாவடியில் மோவாய் கிழிந்து வந்தாய். அன்றைக்கு அம்மா பூசணிக்காய் உடைத்தாள். "ஒரு கண்டம் கழிஞ்சுதுடா" என்று அப்பா உன் முதுகைத் தட்டினார். உன் சிநேகிதர்கள் தையலைப் பார்த்துவிட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நீ விழுந்தால் கண்டம், நான் விழுந்தால் திமிர். இது எந்த ஊர் நியாயம்?

பெயர் மாற்றும் படிவங்களை இதோடு வைத்திருக்கிறேன். வண்டியின் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து ஒட்டியாகிவிட்டது. குறி போட்ட நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதுவரை யாரும் வண்டியை எடுக்க முடியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டேன். எங்கே என்று அம்மாவுக்கும் தெரியாது.

உன் தங்கை,
கவிநிலா


சார்செல், பிரான்ஸ்
3 ஜூலை 2024

கவி,

உன் கடிதம் வந்து சேரப் பதினாறு நாள் ஆனது. கவரின் கனத்தைப் பார்த்துவிட்டு, உனக்குக் கல்யாணப் பத்திரிகையோ என்று உன் அண்ணி நிர்மலா சந்தோஷப்பட்டாள். பிரித்தால் சண்டை. நீ சொன்னபடி முழுசாகப் படித்தேன், இரண்டு தரம்.

கண்டம், திமிர் என்று கேட்டாயே, அது நியாயமில்லைதான். ஆனால் லாரி நியாயம் பார்த்து வருவதில்லை. அப்பா இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவர் இல்லாததால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ மருத்துவமனையில் கிடந்தபோது அம்மா எனக்குப் போன் செய்தாள். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நான் ஓட்டல் சமையலறையில் கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு நிமிஷம் ஆனது. அந்த நான்கு நிமிஷத்தை நீ அனுபவித்துப் பார்த்தால் இப்படி எழுத மாட்டாய்.

எனக்கு இரண்டு சந்தேகம் இருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். போட்டிருந்த தலையில் காதுக்கு மேலே எப்படிப் பதினோரு தையல்? மெக்கானிக் ஆதிமூலத்துக்குப் போன் போட்டு, வண்டியோடு வந்த ஹெல்மெட் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒரு கீறல்கூட இல்லை என்றான்.

இன்னொன்று. அந்த நாய் என்ன நிறம்?

கையெழுத்துப் போட மாட்டேன். படிவங்கள் மேசை டிராயரில் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். உனக்குக் கியர் இல்லாத வண்டி ஒன்று வாங்கித் தருகிறேன். கேட்ட நிறத்தில் எடுத்துக்கொள்.

மதிவாணன்


கருவடிக்குப்பம்
22 ஜூலை 2024

அண்ணா,

நாய் செவலை. போதுமா? வால் நீளம் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் கேட்பாயோ? மெக்கானிக்கை வைத்துத் தங்கையை உளவு பார்க்கிறவனுக்கு ஹெல்மெட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

நீ நான்கு நிமிஷத்தைப் பற்றி எழுதியதை மட்டும் மடித்து வைத்துப் பிறகு மறுபடி படித்தேன். அதற்காக வருத்தப்படுகிறேன். வண்டிக்காக வருத்தப்படவில்லை.

எட்டு வருஷத்தில் நான் எத்தனை தரம் தப்பித்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. கோட்டக்குப்பத்தில் நின்றுகொண்டிருந்த காரின் கதவை ஒருவர் பட்டென்று திறந்தார், என் முட்டி அதில் உரச, தப்பித்துப் போனேன். பொம்மையார்பாளையத்தில் ஒரு சென்னை பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு நேராக என் மேல் வந்தது. மண்ணில் இறக்கி, பனைமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். புல்லட்டில் பெண் போகிறாள் என்றதும் இரண்டு தடிப்பயல்கள் கைப்பிடி உரச உரசக் காலாப்பட்டு வரை கூடவே வந்தார்கள். நான் ஒரு மீன் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி அவர்களைப் போகவிட்டேன். இதில் ஒன்றைக்கூட வீட்டில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவியை வாங்கி வைத்திருப்பீர்கள். நீ தப்பித்தால் ஊருக்கெல்லாம் கதை சொல்லலாம். நான் தப்பித்தால் வாயைக் கழுவிக்கொண்டு சோறு வடிக்க வேண்டும்.

கியர் இல்லாத வண்டியில் போனால் பஸ்காரர் கும்பிட்டு வழி விடுவாரா? இப்போது நான் பஸ்ஸில்தான் போகிறேன். போன வாரம் டிரைவர் போட்ட பிரேக்கில், எலும்பு சேர்ந்துகொண்டிருக்கும் தோள் கம்பியில் போய் இடித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த பஸ்ஸையும் விற்கச் சொல்லி யாருக்காவது போன் போடு.

வினோத் மறுபடியும் வந்தான். கிக்கரை உதைத்து உதைத்துச் சட்டை முழுக்க நனைந்து போனான். நான் மோர் கொடுத்து அனுப்பினேன்.

கையெழுத்து வேண்டும்.

கவிநிலா


சார்செல்
8 ஆகஸ்ட் 2024

கவி,

செவலை என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். என்ன என்று நிர்மலா கேட்டாள். ஒன்றுமில்லை என்று கடிதத்தை மடித்தேன். அதற்குப் பிறகு நான்கு நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போடுகிறேன்.

2011-ல் நான் சொன்ன நாயும் செவலைதான். அப்படி ஒரு நாய் கிடையாது. நான் பெற்ற நாய் அது. பதின்மூன்று வருஷம் கழித்து அதே இடத்தில் உன் குறுக்கே வந்திருக்கிறது என்றால், நீயும் நான் விழுந்த மாதிரிதான் விழுந்திருக்கிறாய்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு, போலீஸ் மடக்கும், ஹெல்மெட்டை மாட்டு. பொம்மையார்பாளையம் தாண்டி, பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி போர்டு வந்தால் கேட்பார் இல்லை, கழற்று. ஒரே ரோட்டில் நம் தலைக்கு மட்டும் எல்லை மாறும். எல்லாரும் ஓரமாக நிறுத்திக் கழற்றுவார்கள், இல்லை சோம்பல்பட்டுப் போட்டபடியே போவார்கள். நிறுத்தாமல் கழற்றுவது என் வித்தை. போர்டு தெரியும்போது இடது கையால் மோவாய்ப் பட்டியை எடுக்க வேண்டும், போர்டைத் தாண்டும்போது ஹெல்மெட்டைத் தூக்கி முழங்கையில் மாட்ட வேண்டும், வேகம் குறையக் கூடாது. பின்னால் வரும் பையன்கள் விசில் அடிப்பார்கள். தூக்கும்போது ஒரு நொடி கண்ணை மறைக்கும். அந்த நொடியில்தான் 2011-ல் மண்ணில் இறங்கினேன்.

வித்தை காட்டி விழுந்தேன் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் ஓடி ஓடிச் சேர்த்து வாங்கித் தந்த வண்டி. நாய் என்று சொல்லிவிட்டேன்.

இதைவிட மோசமானது இனிமேல்தான். 2014-ல் உன்னை ஹெலிபேட் மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது, இந்த வித்தையையும் கற்றுக் கொடுத்தேன். விழுந்ததைச் சொல்லாமல் கற்றுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் நீ என்னைவிட நன்றாகச் செய்தாய், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருஷம் கோட்டக்குப்பத்தில் ஒரு மணல் லாரி என்னை உரசிப் போனது. கீழே விழவில்லை, ஒரு கீறல் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து டீ வாங்கினேன், கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. வீடு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு நான் ஓட்டவில்லை. நிர்மலாவுக்குப் பிடிக்காது என்று எல்லாரிடமும் அவள் மேல் பழியைப் போட்டேன். தங்கைக்காகப் புல்லட்டை விட்டுக்கொடுத்த அண்ணன் என்று ஊரில் பெயர் வாங்கினேன். விட்டுக்கொடுக்கவில்லை கவி, பயந்து விட்டுவிட்டுப் போனேன்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கிறேன், முடியவில்லை. தள்ளிவிட்டவன் நான். சாவியையும் நானே எப்படிக் கொடுப்பது?

மதிவாணன்


கருவடிக்குப்பம்
27 ஆகஸ்ட் 2024

அண்ணா,

உன் மேல் இவ்வளவு கோபம் எனக்கு இதற்கு முன்னால் வந்ததில்லை. இரண்டு நாள் உன் கடிதத்தை அரிசி டிரம்மின் அடியில் போட்டு வைத்திருந்தேன். நீ எதிரில் இருந்திருந்தால் அதே ஹெல்மெட்டால் அடித்திருப்பேன்.

ஆமாம், என் கை பட்டியில்தான் இருந்தது. போர்டு வந்தது, தூக்கினேன், இருட்டியது. கண் தெரிந்தபோது முன்னால் பஸ் பிரேக் போட்டு நின்றுகொண்டிருந்தது. ஒடித்தேன், மண்ணில் சக்கரம் வழுக்கியது. ஹெல்மெட் என் முழங்கையை விட்டுப் பறந்துபோய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டது, அதற்கு ஒரு கீறலும் இல்லை. என் தலை மைல்கல்லில் மோதியது.

நான் ஏன் நாய் என்றேன் தெரியுமா? உண்மையைச் சொன்னால் பார்த்தாயா, பெண்ணுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார்கள். பொய் சொல்லியும் அதைத்தான் சொன்னார்கள். நான் விழுந்ததற்கு இந்தத் தெரு கண்டுபிடித்த காரணம் நான் பெண் என்பது. உண்மையான காரணம் நம் வீட்டு ஆண்பிள்ளை கற்றுக் கொடுத்த வித்தை. இதை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டலாமா என்று பார்க்கிறேன்.

அம்மாவிடம் இரண்டு நாயைப் பற்றியும் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். உனக்கு மறந்திருக்கும். நீ நாயால் விழுந்தாய் என்று, நாயை வாகனமாக வைத்திருக்கிற வைரவருக்கு அவள் தேய்பிறை அஷ்டமிதோறும் விளக்கு ஏற்ற ஆரம்பித்தாள். இன்னும் விடவில்லை.

"அப்ப பதிமூணு வருசமா இல்லாத நாயிக்கா வெளக்கு ஏத்துனேன்?" என்றாள். பிறகு, "ரெண்டு பேரையும் நெசமாவே ஒரு நாயி கடிச்சிருந்தா புத்தி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நேற்று அஷ்டமி. பார்த்தால் எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். இன்னும் எதற்கு என்று கேட்டேன். "ஏத்தப்போயிதான் ரெண்டும் உசுரோட கெடக்குறீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன். உன் அனுமதி இல்லாமல், உன் பெயரில் இருக்கும் வண்டியை. டாக்டர் எலும்பு சேர்ந்துவிட்டது என்றார், ஆதிமூலம் கைப்பிடியை நேராக்கிக் கொடுத்தார். அம்மா வாசலில் நின்றாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டு வாசலிலேயே ஹெல்மெட்டை மாட்டினேன். எதிர்வீட்டு ஹேமலதா அக்கா, "என்ன கவி, நம்ம தெருவுலயேவா?" என்று சிரித்தார். ஆமாம்க்கா, தலை இந்தத் தெருவிலும் கூடத்தான் வருகிறது என்றேன்.

கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைச்சாவடி போர்டு தெரிந்ததும் இடது கை தானாகப் பட்டிக்குப் போனது. நான் சொல்லவேயில்லை, அதுவாகப் போனது. ஓரம் கட்டினேன். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மைல்கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது, அழுகையும் வந்தது. அழுது முடித்தேன். பிறகு காலாப்பட்டு வரை போய் ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நீ பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று தள்ளிக்கொண்டு வந்தாயே, அதற்கு மறுநாள் வண்டியை எடுத்தவள் நான். டேங்கில் பாதி இருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும், உன் முகத்தைப் பார்த்து யாரிடமும் சொல்லவில்லை. பயந்ததில் கேவலம் ஒன்றும் இல்லை அண்ணா. ஆனால் உன் பயத்தை என் பெயருக்கு மாற்றாதே. வண்டியை மாற்று.

நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் நான் ஓட்டுவேன். இதற்குமேல் கேட்க மாட்டேன்.

கவிநிலா


சார்செல்
14 செப்டம்பர் 2024

கவி,

படிவங்கள் இதோடு இருக்கின்றன. நான்கு இடத்திலும் போட்டுவிட்டேன். மூன்றாவது கையெழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் என்னுடையதுதான். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டால் எனக்குப் போன் போடச் சொல்.

உனக்கு எழுதியதையெல்லாம் நிர்மலாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷம் தன் பெயரைச் சொல்லித் தப்பித்ததற்கு இரண்டு நாள் வீட்டுப் பாத்திரமெல்லாம் என்னைக் கழுவ வைத்தாள். பிறகு, கவிநிலா ஓட்டினால் பின்னால் உட்கார நான் தயார் என்றாள்.

வினோத்திடம் சொல்லிவிட்டேன், இனிமேல் வர மாட்டான். அம்மாவிடமும் பேசினேன். திட்டி முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது.

டிசம்பர் இருபதாம் தேதி வருகிறோம். ஒரே ஒரு நிபந்தனை கவி, பஸ்ஸோடு போட்டி வேண்டாம்.

அந்த பிளக்கை எங்கேதான் வைத்திருந்தாய்?

உன் அண்ணன்,
மதி


கருவடிக்குப்பம்
4 அக்டோபர் 2024

அண்ணா,

படிவங்கள் வந்தன. ஆபீசில் இருந்தவர் மூன்றாவது கையெழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, உங்கள் அண்ணன் நடுங்கிக்கொண்டே போட்டாரா என்று கேட்டார். ஆமாம் சார், ஆனால் போட்டுவிட்டார் என்றேன். இன்னும் கொஞ்ச நாளில் என் பெயரில் ஆர்.சி. வரும்.

பிளக் கடுகு டப்பாவில் இருந்தது. உன் சிநேகிதன் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது நான் அதன் பக்கத்திலிருந்துதான் கடுகு எடுத்துத் தாளித்தேன்.

உன் நிபந்தனையை ஏற்க முடியாது. நான் எந்த பஸ்ஸோடும் போட்டிக்குப் போனதில்லை, அவர்கள்தான் என்னோடு வருகிறார்கள். எழுதுவதென்றால் அவர்களுக்கு எழுது.

என் பக்கம் ஒரு நிபந்தனை இருக்கிறது. நீங்கள் வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு நீ என் பின்னால் உட்கார்ந்து காலாப்பட்டு வரை வர வேண்டும். அண்ணி அடுத்த நாள் வரட்டும், முதல் நாள் நீதான். உனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்துவிட்டேன், வீட்டு வாசலில் மாட்டி காலாப்பட்டில் கழற்றுவது. பயமாக இருந்தால் என் தோளைப் பிடித்துக்கொள், ஆனால் வலது தோளை மட்டும். இடது தோள் மழைக்கு இன்னும் வலிக்கிறது.

பிள்ளைச்சாவடி போர்டு வரும்போது உன் கை தானாகப் பட்டிக்குப் போகும். எனக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். போனால் அங்கேயே இறக்கிவிட்டுவிட்டு நான் ஆய்வகம் திறக்கப் போய்விடுவேன். நீ அந்தச் செவலை நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போ.

கவிநிலா